வயதான அம்மா அப்பாவோடு இருக்கப் போகும் வீட்டைக் கட்டும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் 7 சென்டில் கட்டப் போவதாகவும், அம்மா அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பிளான் இன்னும் பேப்பரில்தான் இருக்கிறதென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பேஸ்மட்டம், அதாவது ரோட்டிலிருந்து வீட்டுத் தரையின் உயரம், எத்தனை அடி என்று மேசிரியிடம் (கொத்தனாரிடம்) முதலில் கேளுங்கள்.

நான் இன்ஜினியர் இல்லை. மஸ்கட்டில் 16 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். 'உனக்கு என்ன தெரியும்' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்காக இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டைத் தப்பாகக் கட்டி, பிறகு அதை உடைத்துத் திருத்தியவன் என்ற தகுதி மட்டும்தான் எனக்கு.

2008-ல் தக்கலைப் பக்கம் வீடு போட்டேன். ரோட்டிலிருந்து எவ்வளவு ஏத்தணும் என்று மேசிரி போனில் கேட்டார். எதிர்வீடு இரண்டரை அடி. நான் மூன்று என்றேன். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம்கூட நீளவில்லை. மூன்றடிக்கு ஐந்து நடை (படி) வந்தது. ஐந்துக்கும் முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். பால்காய்ப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் வீடு எடுப்பாக இருக்கிறது என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 60. அந்த நடையில் நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குவாள்.

2019 ஐப்பசியில் ராத்திரி முழுக்க மழை. விடியற்காலையில் பால் வாங்க இறங்கியவள் மூன்றாவது நடையில் வழுக்கினாள். இடுப்பெலும்பு முறிவு. நாகர்கோவிலில் ஆபரேஷன். நான் எமர்ஜென்சி லீவில் வந்தேன். பதினோராம் நாள் ஆம்புலன்ஸ் வீட்டு முன்னால் வந்து நின்றபோதுதான், அந்த ஐந்து நடையையும் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். நான், மச்சான், டிரைவர், பக்கத்து வீட்டுப் பையன். நாலாவது நடையில் நாற்காலிக்கால் வளைந்தது. அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். வலி தாங்காமல் என்று நினைத்தேன். ராத்திரி மருந்து கொடுக்கும்போது சொன்னாள்: "எதிர்வீட்டுக்காரி பாத்துகிட்டு நிக்கா மக்கா. பொணத்தத் தூக்குற மாதிரி இருந்திச்சு."

அதோடு முடியவில்லை. வாக்கர் பாத்ரூமுக்குள் போகவில்லை. டேப் வைத்து அளந்தேன். வாக்கர் 24 இஞ்ச், கதவின் திறப்பு 23. ஒரு இஞ்சில் தோற்றோம். வாக்கரை வெளியே விட்டுவிட்டு என் மனைவிதான் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோக வேண்டும். கதவு உள்பக்கம் திறக்கிறது, உள்ளே இரண்டு பேர் நின்றால் அதைச் சாத்த முடியாது. அம்மாவுக்கு எலும்பு வலியைவிட அந்தத் திறந்த கதவுதான் பெரிய வேதனை. பாதி நாள் தண்ணியே குடிக்காமல் இருந்து பார்த்தாள். போகாமல் இருக்கலாமே என்று.

உள்பக்கம் திறக்கிற கதவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே இருக்கிறவர் கதவோடு சாய்ந்து விழுந்துவிட்டால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது, அவரைத் தாண்டித்தான் கதவு திறக்க வேண்டும். அதனால் வெளிப்பக்கம் திறக்கிற கதவு வையுங்கள், அல்லது ஸ்லைடிங். திறப்பு மூன்றடி இருக்கட்டும். மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்களும் 900 மில்லிமீட்டர் என்றுதான் சொல்கின்றன. சக்கர நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி காலியிடம் வேண்டும். கட்டும்போதே பெரிய கதவாக வைத்திருந்தால் சில ஆயிரம்தான் கூடியிருக்கும். நான் சுவரை உடைத்து, கதவுக்கு மேலே புது லிண்டல் (கான்கிரீட் விட்டம்) போட்டு, டைல்ஸ் ஒட்டி முடிக்க 38,000 ஆனது. அந்த டிசைன் டைல்ஸ் இப்போது வருவதில்லை. அதனால் கதவைச் சுற்றி ஒரு நிறம், மற்ற இடத்தில் ஒரு நிறம்.

சாய்தளம் பற்றிச் சொல்கிறேன். மேசிரி உடனே முன்பக்கம் 9 அடியில் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றார். அதில் பைக் ஏறும், அம்மா ஏற முடியாது. கணக்கு 1-க்கு 12, அதாவது ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். என் மூன்றடிக்கு 36 அடி வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம் வேறு. என் முற்றமே 14 அடிதான். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அடுக்களைப் பக்கம் நின்று கட்டஞ்சாயா குடிக்கும்போது கண்ணில் பட்டது. நம்ம ஊர் நிலம் எங்கே சமமாக இருக்கிறது? பின்னால் ரப்பர் விளைப் (தோட்டம்) பக்கம் மண் மேடு. புறவாசல் தரையிலிருந்து வெறும் 9 இஞ்ச். 9 அடிச் சாய்தளம் போதும், கதவுக்கு முன்னால் 5 அடி சமதளம். அவ்வளவுதான்.

அதற்கு டைல்ஸ் போடவில்லை. சிமென்ட் காயும் முன்னே ஈர்க்குமாறால் குறுக்கே கோடு இழுத்த தரை. மேலே ஷீட். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு, பாசி பிடிக்காத தரை கிடையாது. மாசத்துக்கு ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி மாட்டினால் அம்மா முகம் கொடுக்கவில்லை. "ஆசுத்திரி மாதிரி இருக்கு. வாறவங்க என்ன நெனைப்பாவ?" நான் வாதாடவில்லை. அவளே அதில் துண்டு காயப்போட ஆரம்பித்தாள். துண்டுக் கம்பி ஆன பிறகு பிடிப்பதில் வெட்கம் போய்விட்டது. ஆனால் சாதாரணத் துண்டுக் கம்பியை நம்பி யாரும் பிடிக்காதீர்கள், முழு உடம்பு எடையும் அதில் வரும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் கம்பி வரும் இடத்தில் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பிளக் வேண்டாம், ஆங்கர் போல்ட். கம்மோடின் உட்காரும் உயரம் 18 இஞ்ச் பக்கம் இருந்தால் எழுந்திருப்பது எளிது. கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் டூ-வே ஸ்விட்ச், அதே விளக்கை வாசலிலும் கட்டிலிலும் போட்டு அணைக்கிற மாதிரி. மற்றதெல்லாம் உங்கள் இன்ஜினியருக்கே தெரியும்.

'அந்தக் காலத்து ஓட்டு வீடுகள் வயசானவர்களுக்கு எவ்வளவு வசதி' என்று யாராவது எழுதப் போகிறீர்கள். திண்ணையை ஒத்துக்கொள்கிறேன், உட்கார்ந்து எழ அருமையான உயரம். மற்றபடி கால் தட்டுகிற நிலைப்படி, குனிந்து போகிற வாசல், மழையில் நனைந்து போக வேண்டிய கக்கூஸ். பத்மநாபபுரம் அரண்மனை மரப்படிகளை முட்டுவலியோடு ஏறிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஏன் மூன்றடி ஏத்தினாய் என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீம்பு பாதி, பயம் பாதி. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். தெருக்கோடியில் ஒரு பாட்டி வீடு, அவள் காலத்தில் ரோட்டைவிட இரண்டு படி மேலே இருந்ததாம். இப்போது ரோட்டிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும், மழை வந்தால் தண்ணியும் கூடவே இறங்குகிறது. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே கடிதம் அனுப்பினார். அதற்குப் பிறகும் எங்கள் தெருவில் ஒப்பந்தக்காரர் மேலேயேதான் போட்டார். கேட்டதற்கு 'உங்க வீடுதான் ஒசரமா இருக்கே' என்று சிரிக்கிறார். ரோடு உயர வீடு உயர்கிறது, வீட்டுக்குள் இருக்கும் கிழவிகள்தான் ஏற முடியாமல் நிற்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் வயிற்றெரிச்சல்.

அம்மா முதலில் புறவாசல் வழியாக வரவும் சம்மதிக்கவில்லை. 'நான் என்ன வேலைக்காரியா' என்றாள். இப்போது சாய்தளத்து ஓரக் கட்டைச்சுவரில்தான் சாயங்காலம் முழுக்க இருப்பு. மரச்சீனிக் கிழங்கு உரிப்பது, பேரனைத் திட்டுவது எல்லாம் அங்கேதான். வருகிற சொந்தக்காரர்களும் கேஸ் சிலிண்டர்காரரும் அவளைப் பார்த்துவிட்டு அந்த வழியாகவே வந்துவிடுகிறார்கள். முன்வாசல் தாழ்ப்பாள் துருப்பிடித்து, போன மாசம் எண்ணெய் விட வேண்டியதாயிற்று.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும் முன்னே மேசிரியைக் கூட்டிப்போய், தண்ணி டியூப் பிடித்து நாலு மூலையிலும் மண் மட்டம் பாருங்கள். எந்தப் பக்கம் மேடோ, அந்தப் பக்கம் மூன்றடிக் கதவு ஒன்று வையுங்கள். அந்தக் கதவுக்குப் பக்கத்து அறையை அம்மா அப்பாவுக்குக் கொடுங்கள்.