'படபட' பாட்டியிடம் மட்டும் ஏன்?

தூத்தூர் வாசகி ஒருவரின் கேள்வி: ஒன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், மனதில் உள்ளதைச் சத்தச் சொற்கள் வைத்து நாலு வரிப் பாட்டாக எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். கோபம், சந்தோஷம், பயம் என்று முகம் வரைந்த அட்டைகள் வாங்கிக் காட்டியும் வாயே திறப்பதில்லை. அவள் அப்பா ஆகஸ்டில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் ஆழ்கடலுக்குப் போனவர். ராத்திரி காற்றடித்தால் மட்டும் பாட்டியிடம் ஓடி, "நெஞ்சு படபடங்குது" என்பாள். "பயமா இருக்குன்னு ஒழுங்காச் சொல்லு" என்று திருத்துவேன். எப்படிப் பழக்குவது?

பதில்: உங்கள் மகள் பாட்டை ஆரம்பித்துவிட்டாள் அம்மா. அதை அழித்தது நீங்கள்தான்.

'பயம்' என்பது பெரியவர்கள் வைத்த பெயர். ஆறு வயதுக்குத் தெரிவது நெஞ்சுக்குள் விழுகிற அடி. அதைச் சொல்லத்தான் 'படபட' இருக்கிறது. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்று தொல்காப்பியமே இலக்கணம் சொல்லிவிட்ட சொல்வகை இது. ஒழுங்கில்லாத பேச்சா? கோபத்தில் முகம் கடுகடுக்கிறது, பயத்தில் கை வெடவெடக்கிறது. இரண்டும் காதில் விழுவதில்லை. ஆனாலும் உடம்பு படும் பாட்டுக்குத் தமிழ் ஓசை கொடுத்து வைத்திருக்கிறது. அட்டையில் வரைந்த முகம் இதைத் தருமா?

அப்பா கடலில். வெளியே காற்று. அந்த நேரத்தில் பிள்ளை உங்களைத் தாண்டிப் பாட்டியிடம் ஓடுகிறாள் என்றால், அது உங்களுக்கு உறுத்தவில்லையா? "இங்க வா மக்களே" என்று மடியில் இழுத்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறது. நீங்களோ வாக்கியம் திருத்துகிறீர்கள். அவள் நெஞ்சில் முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள். அந்தக் காற்றில் உங்கள் நெஞ்சும் அடித்துக்கொள்ளும்தானே, அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

சரி, பாட்டுக்கு வருவோம். அட்டைகளை எடுத்து வையுங்கள். இன்று ராத்திரி மூன்று பேரும் ஒரே பாயில் உட்காருங்கள். 'என்ன உணர்ச்சி' என்று கேட்காதீர்கள். வெளியே என்ன கேட்குது என்று கேளுங்கள். அப்புறம், உனக்குள்ளே என்ன கேட்குது என்று. இப்படி ஏதாவது வரும்:

காத்து வருது ஊஊ
தென்னை ஆடுது சலசல
நெஞ்சு அடிக்குது படபட

நான்காவது வரிக்கு, அப்பா வந்து கதவைத் தட்டினால் உள்ளே என்ன சத்தம் கேட்கும் என்று கேளுங்கள். அவள் சொல்வது எந்த அகராதியிலும் இல்லாத சொல்லாக இருந்தாலும் திருத்தாமல் எழுதவிடுங்கள்.