800 வெள்ளிக்கு பவர் கேபிளா?

கேள்வி: அண்ணா, புதிதாக ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். கூட வந்த கறுப்பு ஒயரை ஓரம்கட்டிவிட்டு 800 வெள்ளிக்கு ஒரு பவர் கேபிள் போட்டால் குரல் தெளியும், பேஸ் (அடித்தொனி) இறுகும் என்கிறார் கடைக்காரர். மனைவிக்குத் தெரியாமல் வாங்கிவிடலாமா?
- வாசகர், ஈசூன்

பதில்: தெரிந்தும் வாங்காதீர்கள் தம்பி.

ஒயர் வழியாகப் பாட்டு போவதில்லை, வெறும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் போகிறது. அதையும் ஆம்ப்ளிஃபயர் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, டிரான்ஸ்ஃபார்மரில் குறைத்து, டிசியாக, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றி, கெப்பாசிட்டரில் தேக்கி, அப்புறம்தான் பாட்டுக்கு ஏற்றபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. கணக்குப் பார்ப்போமா? ஒன்றரை மீட்டர் நீளம், 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 100 வாட் இழுக்கிற ஆம்ப் என்றால் ஒயரில் இழப்பது 0.02 வோல்ட்கூட இல்லை. இந்த இழப்பை மிச்சம் பிடிக்கவா 800 வெள்ளி?

மாற்றியதும் வித்தியாசம் கேட்டது என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. காசு கொடுத்தபின் காது கூர்ந்துதானே கேட்கும்! கடைக்காரரிடம் கேபிளை ஒரு வாரம் இரவல் கேளுங்கள். வால்யூமைத் தொடாமல், எந்த ஒயர் என்று உங்களுக்குத் தெரியாதபடி உங்கள் மனைவியே மாற்றிப் போடட்டும், பத்து முறை. ஐந்தாறு சரியாகச் சொன்னால் அது பூவா தலையா போட்ட மாதிரிதான். ஒன்பது பத்து என்றால் எனக்கு எழுதுங்கள், பேசுவோம்.

தடித்த கேபிளில் ஒரு தொல்லையும் உண்டு. விறைப்பாக இருப்பதால் ஆம்பின் பின்பக்கச் சொருகியைத் தன் பாரத்தாலேயே மெல்ல வெளியே இழுத்துவிடும். அமெரிக்க பிளக்கோடு வந்தால் அடாப்டர் வேறு. நம் ஊர் மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் அந்த பிளக்கில் கிடையாது.

காசைச் செலவழித்தே தீரவேண்டும் என்றால் ஹாலில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், சத்தம் டிங்கென்று திரும்பி வரும். குரலைக் கலங்கடிப்பது அதுதான். ஒரு கம்பளம், கனத்த திரைச்சீலை போடுங்கள், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். பேஸ் தானாக அடங்கும். நகர்த்துவதற்குக் காசே வேண்டாம்.

கேள்வி: டிவியை ஆம்பில் இணைத்தால் மட்டும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைகிறது. நல்ல பவர் கேபிள் போட்டால் போகுமா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: போகாதம்மா. பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவதால் வரும் இரைச்சல் அது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகிப் பாருங்கள். யாராவது எர்த்தைத் துண்டிக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.