அப்பாயி பேசும்போது காதில் என்ன?

கேள்வி: எனக்கு வயது 23. யங்கோனில் இருக்கிறேன். செல்போனில் ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். ராஜேந்திர சோழனோடு கடாரத்துக்கு வந்த இளவரசன் ஒருவன் அப்படியே பர்மாவின் பழைய தலைநகர் பகானுக்குப் போய், அரசர் அனோரதாவின் மகளைக் காதலிக்கிறான். மந்திர வாள், சித்தர், நாட் தேவதைகள் எல்லாம் உண்டு. படித்தவர்கள், "விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் மனதில் நிற்கவில்லை" என்கிறார்கள். மாயாஜாலக் கதைக்குள் ஆன்மிகக் கருத்தை எப்படிக் கொண்டுவருவது? சரித்திரக் கதையில் காதல் எவ்வளவு இருக்கலாம்? அம்மா படித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. ராத்திரியில்தான் எழுத நேரம் கிடைக்கிறது. கரண்ட் போனால் அப்பாயிக்குத் தூக்கம் வராது. 1964-இல் அவருடைய அண்ணன் கப்பல் ஏறின கதையை மறுபடி ஆரம்பித்துவிடுவார். இயர்போன் மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதில்: கதை எழுதும் பிள்ளைகள் இதே கேள்வியைத்தான் வருடக்கணக்காக எனக்கு எழுதுகிறார்கள். "உனக்குத் திறமை இருக்கிறது, விடாமல் எழுது" என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாய். உன் கதையை நான் படிக்கவில்லை, அதனால் சொல்ல மாட்டேன். படித்தது உன் கடிதத்தைத்தான். அதில் போகிற போக்கில் கடைசியாக ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை.

மின்விசிறி நின்று, புழுக்கத்தில் தூக்கம் கெட்டு, ஒரு கிழவி இருட்டில் தன் அண்ணனைப் பற்றிப் பேசுகிறாள். இரண்டடி தள்ளி உட்கார்ந்து நீ காதை அடைத்துக்கொண்டு, சித்தர் வாயில் தத்துவம் எழுதுகிறாய். அப்புறம் மனதில் நிற்கவில்லை என்கிறார்கள் என்று வருத்தப்படுகிறாய். எப்படியம்மா நிற்கும்?

சொல், அந்த அண்ணன் பெயர் என்ன? எந்தக் கடையில் வேலை பார்த்தார்? கப்பலேறின அன்றைக்கு உன் அப்பாயிக்கு என்ன வயது? ஏன் அவர் போக, இவர் இங்கேயே தங்கினார்? உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். ஒரே கதையை ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால், இன்னும் யாரும் அதைக் கடைசிவரை கேட்கவில்லை என்று எடுத்துக்கொள். அந்த வருடம் மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கல்லாவும் போய், கையில் இருந்த காசும் போய், நம்மவர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குப் போனார்கள். உன் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார். இதை நான் சொல்லியா நீ தெரிந்துகொள்வது?

ஆன்மிகம் எங்கே என்று கேட்கிறாய். நாட் என்று எழுதுகிறாயே, பர்மியர் வீடுகளில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்குவதைப் பார்த்திருப்பாய். அது மஹாகிரி நாட்டுக்கு. அவர் பர்மாவின் பழைய நகரமான தகௌங்கில் கொல்லராக இருந்தவர். அவருடைய பலத்துக்குப் பயந்த அரசன், அவர் தங்கையை ராணியாக்கிக்கொண்டு, அவளை வைத்தே அவரை வரவழைத்து, மரத்தில் கட்டி எரித்தான். தங்கை ஓடிப்போய் அதே நெருப்பில் விழுந்தாள். இரண்டு பேரும் நாட் ஆனார்கள், போப்பா மலையில் குடியேறினார்கள் என்பது கதை. இதில் உபதேசம் ஏதாவது இருக்கிறதா? அண்ணனும் தங்கையும் பிரிய முடியாமல் போனது மட்டும்தான் இருக்கிறது. அதற்குத்தான் இத்தனை நூற்றாண்டாகத் தேங்காய் கட்டுகிறார்கள். அண்ணனைப் பிரிந்த தங்கை ஒருத்தி உன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள், நீ கருத்தை வெளியில் தேடுகிறாய்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். கடாரப் படையெடுப்பு நடந்தது 1025-இல். அனோரதா பட்டத்துக்கு வந்தது 1044-இல். அரசரே அரியணை ஏறாதபோது உன் இளவரசன் எந்த அரண்மனை மாடத்தைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்? கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. பகான் அங்கிருந்து பக்கத்துத் தெரு இல்லை. கற்பனை செய்ய உனக்கு உரிமை உண்டு, ஆனால் எதை மீறுகிறோம் என்று தெரிந்துகொண்டு மீறு.

பகானில் நம் ஆள் ஒருவர் நிஜமாகவே வேண்டுமென்றால் இருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்தது. மலைமண்டலத்து, அதாவது இன்றைய கேரளத்து, மகோதயர் பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பல நாடுகளுக்கும் போய் வந்த நானாதேசி வணிகர்களின் விண்ணகரத்துக்கு, அதாவது பெருமாள் கோயிலுக்கு, ஒரு மண்டபம் கட்டி, கதவு செய்து வைத்து, எப்போதும் எரிய ஒரு விளக்கும் கொடுத்தார். மேலே ஒரு வடமொழிச் சுலோகம்: பொருள் வேண்டாம், இன்பம் வேண்டாம், எத்தனை பிறவி எடுத்தாலும் உன் திருவடியில் பக்தி மட்டும் போதும் என்கிறது. ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்த மனிதர். பின்னால் ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தார்? திரும்பிப் போனாரா? கல்வெட்டு இதைச் சொல்லவில்லை. நீ எழுத வேண்டிய இடம் அதுதான். காதல் எவ்வளவு வைக்கலாம் என்று படி வைத்து அளக்காதே. அந்தக் காலத்தில் யாருக்கு யார் கிடைக்க முடியும், யார் தடுப்பார்கள், விட்டுப்போனவனுக்காக எத்தனை வருடம் காத்திருப்பார்கள் என்று யோசி. அண்ணி என்று ஒருத்தி இருந்தாளா, அவளும் கப்பலேறினாளா என்று அப்பாயியிடம் கேட்டுப் பார். எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

வீட்டுப் பெரியவருக்குக் காது கொடுப்பது பேத்தியின் கடமை என்று நம்புகிறவள் நான். பழைய ஆள் என்று சொல்லிக்கொள். கதைக்கு உதவும் என்பதற்காக மட்டும் போய் உட்காராதே; அது அவருக்குத் தெரிந்துவிடும். கால் பிடித்துவிடு, விசிறிவிடு, குறுக்கே பேசாமல் கேள். குறிப்பு எடுப்பதை மறுநாள் வைத்துக்கொள். தொடரின் அடுத்த பகுதி ஒரு மாதம் தள்ளி வந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

காதல் காட்சியை அம்மா படித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். படிக்கட்டும். அவரும் கல்யாணம் ஆனவர்தானே.