எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக வந்தால் மனச்சிதைவு இல்லை என்று பொருளா?

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அன்பருக்கு வணக்கம். தங்கள் தம்பியின் மூளை எம்.ஆர்.ஐ. அறிக்கையில் குறையொன்றும் இல்லை என்று வந்ததால், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று மருத்துவர் சொன்னதே தவறு, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தாய்மாமன் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

அந்தப் படம் மனச்சிதைவைக் கண்டுபிடிக்க எடுக்கப்படுவதன்று. கட்டி, மூளை அழற்சி போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவே எடுக்கிறார்கள். ஆகவே படம் தெளிவாக இருப்பது மருத்துவரின் முடிவுக்கு முரணாகாது. அவர் நோயை நிர்ணயிப்பது தம்பியிடமும் உங்களிடமும் விரிவாகப் பேசி, மாதக்கணக்கில் நீடிக்கும் அறிகுறிகளைக் கொண்டுதான்.

மூளையில் மாற்றமே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. 1976-இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர், நாட்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் சி.டி. படங்களில் மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் நீரறைகள் விரிந்திருப்பதைக் காட்டினார்கள். 2016-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வொன்று 2,028 நோயாளிகளையும் 2,540 நோயற்றவர்களையும் ஒப்பிட்டு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி நோயாளிகளிடம் சராசரியில் சற்றுச் சிறியதாக இருப்பதைக் கண்டது. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. இரு தரப்பினரின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிவதால், தனியொருவரின் படத்தை வைத்து நோய் உண்டு என்றோ இல்லை என்றோ எவராலும் சொல்ல முடியாது. (படத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.)

மாமாவுக்கு ஐயம் தீரவில்லையென்றால், படத்தையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டே புதுச்சேரி ஜிப்மர் மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்தைக் கேளுங்கள். அதுவரை மாத்திரை ஒருவேளையும் தவற வேண்டாம்.