வெயிலில் ஓடும் வண்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்கள். இருவர் அமரும் நான்கு சக்கர சோலார் வண்டி ஒன்றைச் செய்திருக்கிறோம். கூரையில் 330 வாட் பேனல் இரண்டு, 48 வோல்ட் 40 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பாட்டரி, 1000 வாட் மோட்டார். ஆட்களோடு சேர்த்து எடை 350 கிலோ. மாலையில் வகுப்பு முடிந்தபின் மைதானத்தில் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்தில் பாட்டரி இறங்கிவிடுகிறது. மூன்றாவது பேனல் வாங்கிப் பொருத்தலாமா?
— ஒரு மாணவர் குழு, பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில், கடையில் காய்கறி நிறுக்கும் சுருள்வில் தராசு ஒன்றை இரவல் வாங்குங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருவர் உள்ளே அமர்ந்திருக்க, முன்பக்கம் கயிறு கட்டித் தராசை இடையில் மாட்டி மெதுவாக ஒரே சீராக இழுங்கள். 350 கிலோ வண்டிக்கு, சைக்கிள் ரிக்‌ஷா வகை டயர்களில் நன்றாகக் காற்று இருந்தால், முள் நான்கு அல்லது ஐந்து கிலோவைக் காட்ட வேண்டும். எட்டு, ஒன்பது என்று காட்டினால் பிரேக் கட்டை உரசுகிறது, டயரில் காற்று குறைவு, அல்லது முன்சக்கரங்கள் இரண்டும் இணையாக நிற்கவில்லை என்று பொருள். பட்டறையில் அவசரமாக வெல்டிங் வைத்த வண்டிகளில் மூன்றாவது குறைதான் மிகுதி. நூல் பிடித்துப் பார்த்தால் அரை மணியில் தெரிந்துவிடும்.

தராசு சரியான எடையைக் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் சக்கர உருளலுக்கு ஏறத்தாழ 290 வாட், பேனலைச் சுமந்த அகலக் கூரையின் காற்றுத் தடைக்கு 160 வாட். மோட்டாரிலும் சங்கிலியிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பாட்டரியிலிருந்து சுமார் 600 வாட் எடுக்க வேண்டியிருக்கும். மைதானத்தில் நின்று நின்று கிளம்பினால் இன்னும் கூடும். நீங்கள் ஓட்டுவதோ மாலையில். ஐந்து மணிச் சூரியன் படுக்கை வாட்டத்தில் உள்ள பேனலின் மேல் சாய்ந்து விழுவதால் உச்சி வேளையில் கிடைப்பதில் கால் பங்கு கிடைத்தாலே பெரிது. ஆக, உங்கள் சோதனை பெரும்பாலும் பாட்டரியைச் சோதித்ததே தவிர சூரியனைச் சோதிக்கவில்லை. லெட் ஆசிட் பாட்டரியின் மேல் எழுதியிருக்கும் 40 ஆம்பியர்-மணி, பல மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்சினால் அவ்வளவு தராது. ஒன்றரை மணி நேரம் ஓடியதில் எனக்கு வியப்பில்லை.

அடுத்தது, கடிதத்தில் நீங்கள் சொல்லாத சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. விலை மலிவான பி.டபிள்யூ.எம். வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் பேனல் ஒவ்வொன்றும் சுமார் 37 வோல்ட்டில் வேலை செய்யும். இணையாக இணைத்தால் 48 வோல்ட் பாட்டரிக்குள் மின்சாரம் ஏறவே ஏறாது, ஆகவே தொடராகத்தான் இணைத்திருப்பீர்கள். சேர்த்து 75 வோல்ட் என்பது பேனலின் பின்னால் ஒட்டிய சீட்டில் உள்ள கணக்கு. அது செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது. நம் ஊர் மே மாதத்தில் கூரைப் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவதால் 660 வாட் என்பது 550 வாட்டாகவும், 75 வோல்ட் என்பது 63 வோல்ட்டாகவும் சுருங்கும். பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 63 வோல்ட்டையும் பாட்டரியின் 52 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், அதற்கு ஈடாக ஆம்பியர் அதிகரிக்காது. ஆகவே கையில் நிற்பது 450 வாட்தான். கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. வகை கன்ட்ரோலர் போட்டால், இப்படி இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். பேனலைக் கூரைத் தகட்டோடு ஒட்டி வைக்காமல் கீழே மூன்று அங்குலம் இடைவெளி விட்டால் காற்று புகுந்து சூடும் தணியும்.

மூன்றாவது பேனல் என்றால் 22 கிலோ கண்ணாடியும் அதைத் தாங்கும் இரும்பும். மூன்றையும் தொடரில் இணைத்தால் மின்சாரம் எடுக்காத நேரத்தில் 138 வோல்ட் வரை எழும். 100 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலர் அன்றே கருகும். அந்தப் பணத்தை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்குச் செலவிடுங்கள். 50 கிலோ இருக்கும் இடத்தில் 20 கிலோ வரும்; உள்ளிருப்பதையும் ஏறக்குறைய முழுமையாகத் தரும். ஆனால் செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். பலகை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பேனலைச் சூரியனை நோக்கிச் சாய்க்கும் அமைப்பு வேண்டும் என்கிறார் எங்கள் வழிகாட்டி. தேவையா?
— மாணவி, வண்ணார்பேட்டை

பதில்: திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்தாலும், நண்பகலில் படுக்கைப் பேனல் இழப்பது 15 சதவீதம் அளவே. ஓடும் வண்டியில் திசை மாறிக்கொண்டே இருப்பதால், சாய்க்கும் அமைப்பு நிறுத்தி வைத்துச் சார்ஜ் ஏற்றும்போது மட்டுமே பயன்படும். வழிகாட்டியிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசிப் பாருங்கள். கூரையில் கல்லூரிக் கொடி நட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 72 செல் பேனலில் ஒரே ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு ஓய்ந்துவிடும். வேப்பிலைச் சருகுக்கும் இதே கதைதான்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இத்தகைய வண்டிகள் 3000 கிலோமீட்டர் ஓடுகின்றனவாமே? நம் பிள்ளைகளின் வண்டி ஏன் மைதானத்தைத் தாண்டவில்லை?
— ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: ஓடுகின்றன, ஐயா. டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடக்கும் ‘வேர்ல்டு சோலார் சேலஞ்ச்’ என்ற சோலார் வண்டிப் போட்டி 1987இல் தொடங்கியது. அவ்வாண்டு வென்ற ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் சராசரியாக மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அது ஒருவர் மட்டும் சாய்ந்து கிடந்து ஓட்டும், நீர்த்துளி வடிவ வண்டி; பின்னால் நின்றது ஒரு பெரிய நிறுவனத்தின் பணம். 2013இல் நால்வர் அமரும் ஸ்டெல்லா வண்டியைக் கொண்டு பயணியர் பிரிவில் வென்றவர்கள் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்து மாணவர்கள். நம் பிள்ளைகளை ஒப்பிட வேண்டுமானால் இரண்டாவதோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆடி மாதத்தில் சோலார் வண்டியை எங்கள் பக்கம் ஓட்டிக் காட்ட மாணவர்களை அழைத்திருக்கிறோம். காற்று தடையாகுமா?
— வாசகர், பணகுடி

பதில்: நிச்சயமாக. கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றில் காற்றாலைகள் சுழலும் பகுதி உங்களுடையது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றாலே, 25 கிலோமீட்டரில் ஓடும் வண்டியின் மேல் மோதுவது 45. தடை மூன்று மடங்குக்கும் மேல் ஏறும். அதைவிடக் கவலை தரும் சங்கதி, அடியிலிருந்து காற்று பேனலைத் தூக்கப் பார்க்கும் என்பது. கம்பி கட்டி வைத்த பேனல் போதாது. நட்டு போல்ட்டால் சட்டத்தோடு இறுக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் இரவு எட்டு மணி வரை இந்த வண்டியோடு நிற்கிறாள். 48 வோல்ட் ஆபத்தில்லை என்கிறாள். நம்பலாமா?
— ஒரு தந்தை, மேலப்பாளையம்

பதில்: ஷாக் அடிக்கும் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் வளையலோ ஸ்பானரோ பாட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, உலோகம் நொடியில் பழுக்கும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். பாட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதையும் குழுவுக்கு நினைவூட்டுங்கள். அவசரத்தில் பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.