கணினி கேள்வி பதில்: பழைய பெட்டிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: 2014இல் வாங்கிய கணினி. ஐ5-4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போடலாமா சார்?
– கரூர் வாசகர்

பதில்: வேண்டாம். கார்டு மோசம் என்பதால் அல்ல. உங்கள் போர்டுக்கு அது பொருந்தாது. ஸ்லாட்டில் முழு நீளத்துக்கு உட்கார்ந்தாலும் அதில் வேலை செய்வது 4 லேன்தான் (லேன் என்பது தகவல் போகும் பாதை). பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்பு முறை) 4.0 உள்ள போர்டில் அந்த நாலு லேனும் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும். எச்81 சிப்செட்டோ கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 2.0 வேகம்தான் கொடுக்கும். அங்கே அது 2 ஜிபியாகச் சுருங்கிவிடும். கார்டில் நினைவகமும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் டெக்ஸ்சர்களை (கேம் காட்சிகளின் மேற்பரப்புப் படங்களை) ரேமிலிருந்து இந்தக் குறுகிய வழியாக இழுக்க வேண்டும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) கணக்கு நன்றாகவே காட்டும். ஆட்டம் மட்டும் நடுநடுவே திக்கி நிற்கும்.

எச்81இலேயே தொடர்வதாக இருந்தால் 16 லேனும் உள்ள கார்டாகப் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் (6 ஜிபி, 125 வாட்) நல்ல தேர்வு, பழையதாகத்தான் கிடைக்கும். ஓரிரு வருடத்தில் போர்டையும் மாற்றப் போகிறீர்கள் என்றால் ஆர்எக்ஸ் 6600 (8 ஜிபி, 132 வாட்). அதற்கு 8 லேன் உண்டு. இப்போது கொஞ்சம் வேகம் குறைந்தாலும் அடுத்த பெட்டிக்கும் உதவும். பி85, எச்87, இசட்87 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்லாட் 3.0 என்பதால் இதே கார்டில் இழப்பு சொற்பம். ஜிடிஎக்ஸ் 1060 விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்: 10 வரிசைக்குப் புது கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி (கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே சமயத்தில் அணுகுவது) வேண்டும். உங்களுடையது போன்ற பழைய போர்டுகளில் அது கிடையாது.

8 ஜிபி ரேமை 16 ஆக்குவதையும் சேர்த்தே செய்யுங்கள். கார்டு மட்டும் மாறினால் பாதிப் பலன்தான்.

கேள்வி: என் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் ஒயர் இல்லை. சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும்) ஒயரிலிருந்து மாற்றித் தரும் கன்வர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: கூடவே கூடாது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட் வருவது மூன்று மெல்லிய பின்களில். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். 8 பின் இணைப்பு இழுக்கக்கூடியது 150 வாட். பிளாஸ்டிக் உருகிய பிளக்குகள் சர்வீஸ் மேசைக்கு வருவது இப்படித்தான்.

அந்த ஒயரே இல்லாத எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் கார்டைத் தாங்காது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். +12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 16 = 192 வாட். ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஐ5-4570 84 வாட், கூட்டினாலே 216. மேலே "450" என்று எழுதியிருந்து என்ன பயன்? டெஸ்க்டாப்பில் ஒழுங்காக ஓடும், கேம் திறந்த சில நிமிடத்தில் பொட்டென்று அணையும். 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரும், 8 பின் ஒயரோடு வரும் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். அதுவரை, தனி ஒயர் தேவைப்படாத ஜிடிஎக்ஸ் 1650 (75 வாட்) போன்றவையே உங்களுக்கு. அதிலும் சில மாடல்களில் 6 பின் இருக்கும். படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: கார்டை மாற்றினேன். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான். கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கார்டு இருப்பது தெரிந்ததும் பெரும்பாலான போர்டுகள் தம்முடைய விஜிஏ வழியை அணைத்துவிடும். கேபிள் கார்டுக்குத்தான் போக வேண்டும். புதுக் கார்டுகளில் அனலாக் சிக்னலே இல்லை. டிவிஐ துளை இருந்தாலும் தட்டையான பின்னைச் சுற்றி இருக்க வேண்டிய நாலு ஓட்டைகள் இருக்காது. அதனால் பழைய சின்ன அடாப்டர் நுழையாது. உள்ளே சிப் உள்ள எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வர்ட்டர் வாங்குங்கள்.

அதன் பிறகும் இருட்டென்றால் சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டு, கார்டைக் கழற்றி, "கிளிக்" கேட்கும் வரை மறுபடி ஸ்லாட்டில் அழுத்துங்கள். கேபினட் தகடு லேசாக வளைந்திருந்தால் திருகை முறுக்கும்போது கார்டின் பின்முனை ஸ்லாட்டிலிருந்து எழும்பிவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. அடுத்து பழைய கார்டைப் போட்டு பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துப் பாருங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பாதி விலைக்குச் சொல்கிறார்கள். போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– சென்னை வாசகர்

பதில்: பின்பக்கம் நீல நிற விஜிஏ துளை இருந்தால் நகர்ந்துவிடுங்கள். 1050 டிஐ சிப்பில் அனலாக் கிடையாது. அது பயாஸ் மாற்றிய ஜிடிஎஸ் 450 அல்லது 550 டிஐயாக இருக்கலாம். கடையிலேயே ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) ஓட்டச் சொல்லுங்கள்: சிப்பின் பெயர் GP107 என்று வர வேண்டும். GF என்று தொடங்கினால் போலி. ஆர்எக்ஸ் 580 வாங்குவோர் அதிலேயே ஷேடர் (படம் வரையும் சிறு கணிப்பு அலகு) எண்ணிக்கையைப் பார்க்கவும். 2304 முழுக் கார்டு, 2048 குறைத்த வகை. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.