கண்ணாடி விலாங்கு: துடுப்பு எங்கே தொடங்குகிறது?

பெரிய விலாங்கு எந்த இனம் என்று உடம்புத் திட்டுகளை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். கண்ணாடி விலாங்கு எனப்படும், கடலிலிருந்து ஆற்றுக்கு வரும் நிறமற்ற குஞ்சில் எதைப் பார்ப்பது?

ஆற்றுமுகத்துக்கு வந்து சேரும்போது குஞ்சின் நீளம் ஐந்து சென்டிமீட்டர்தான். உடம்பில் நிறமே இல்லை. இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள் மட்டும் தெரியும். அதனால் துடுப்பைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கும் மலத்துளைக்கும் இடையிலுள்ள தூரம், மொத்த நீளத்தில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 50 மி.மீ. குஞ்சில் அது 8 மி.மீ. என்றால் 16 சதவீதம். அநேகமாக மார்மொராட்டா என்ற விலாங்கு இனம். பைகலர் என்ற இனத்தில் இரண்டும் ஏறக்குறைய நேருக்கு நேர் இருப்பதால் பூஜ்யத்தை ஒட்டி வரும்.

சொல்வது சுலபம். துடுப்பின் முதல் கதிர் நூலைவிட மெல்லியது. குஞ்சை ஈரத்தட்டில் பக்கவாட்டில் கிடத்தி, நுண்ணோக்கியில் கீழிருந்து வெளிச்சம் கொடுத்தால்தான் கண்ணில் படும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இரண்டு சதவீதம் போச்சு.

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலுள்ள ககயான் ஆற்றுக் குஞ்சுகளில் 12, 13 என்று வருகிறதே, எந்த இனத்தில் சேர்ப்பது?

அளவை மட்டும் நம்பி எதிலும் சேர்க்காதீர்கள். அங்கே மார்மொராட்டாவோடு லுசோனென்சிஸும் வருகிறது. நடுவில் விழும் எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. லுசோனென்சிஸ் என்ற இனம் விவரிக்கப்பட்டதே 2009-இல்தான். அதே ஆண்டு இன்னொரு குழு அதற்கே ஹுவாங்கி என்று வேறு பெயர் வைத்தது தனிக்கதை! அதற்கு முந்தைய லூசோன் அறிக்கைகளில் செலிபிசென்சிஸ் என்ற இன்னொரு இனத்தின் பெயர் இருந்தால், அது லுசோனென்சிஸாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தோடுதான் நான் படிப்பேன். இப்படி இடையில் நிற்கும் குஞ்சுகளில் கொஞ்சத்தைப் பிரித்து, இனத்தைப் பிரித்தறிய உதவும் 16எஸ் அல்லது சைட்டோகுரோம் பி மரபணுவைப் பார்த்துவிடுங்கள்.

மாதிரியை ஃபார்மலினில் வைக்கலாமா?

வேண்டாம், டி.என்.ஏ. சிதைந்துவிடும். 95 சதவீத எத்தனால் போதும்.

எப்படியும் கிலோக் கணக்கில்தான் விற்கிறார்கள். இனம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஒரு கிலோவில் ஐயாயிரம் குஞ்சுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே கூடைக்குப் போனாலும் பிறந்த இடம் ஒன்றல்ல. வடபசிபிக் மார்மொராட்டா மரியானா தீவுகளுக்கு மேற்கே நடுக்கடலில் முட்டையிடுகிறது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள செலிபிசென்சிஸோ பக்கத்துத் தோமினி வளைகுடாவிலேயே முட்டையிடுகிறது. சுற்றியுள்ள ஆறுகளில் தாய் விலாங்கு குறைந்தால் அதற்குக் கைகொடுக்க வெளியிலிருந்து பெரிதாக எதுவும் வராது. இந்தோனேசியா 150 கிராம் வரையுள்ள விலாங்கை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது, நல்லதுதான். ஆனால் எடைக்கு இனம் தெரியாதே. கூடையில் எத்தனை பங்கு எந்த இனம் என்று மாதாமாதம் பதிவானால்தான், குறைவது எது என்று தெரியும்.

எங்கள் ஊர் ஆற்றிலும் குஞ்சு கிடைக்கிறது. அதற்கும் இதே கணக்குதானா?

இந்திய, இலங்கை ஆறுகளில் முக்கியமாக இரண்டுதான்: பைகலர், பெங்காலென்சிஸ். முதலாவது பூஜ்யத்தை ஒட்டியும், அடுத்தது பத்தை ஒட்டியும் வருவதால் குழப்பம் குறைவு. அப்புறம், முதுகில் துடுப்புக்கு முன்னால் தனித்தனி முட்கள் குத்தினால் அளக்கவே வேண்டாம். அது ஆரல்.